காண்டிராக்டர் இல்லாத வேலை



ரோடு போட சர்க்கார் 100 ரூபாய் ஒதுக்கினால், மண் சுமக்கிறவர் கைக்கு வந்து சேருவது எவ்வளவு என்று எப்போதாவது கணக்குப் பார்த்ததுண்டா? காண்டிராக்டர் லாபம் போக, கையெழுத்துப் போடுகிறவர்கள் பங்கும் போக, மிச்சத்தில்தான் ஜல்லியும் கூலியும். கூலி குறைவதும், ரோடு இரண்டு மழைக்குத் தாங்காததும் இதனாலேயொழிய தலைவிதியினால் அல்ல.

வேறு வழி ஏது என்பீர்கள். மலையாளத்தில் வடகரைக்குப் பக்கத்தில் ஊராளுங்கல் என்று ஓர் ஊர். அது சென்னை ராஜதானியில் இருந்த காலத்தில், வாக்படானந்தர் என்பவர் 1917-ல் ஆத்மவித்யா சங்கம் ஏற்படுத்தி, விக்கிரக ஆராதனையையும் ஜாதி வித்தியாசத்தையும் கண்டித்து வந்தார். (அவருடைய ஆத்மா நமக்கு வேண்டாம், அவர் கொடுத்த அடி நல்ல அடி.) அவர் பேச்சைக் கேட்டு நடந்த ஏழைகளுக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் வேலை கொடுக்க மறுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலும் இடமில்லை என்றார்கள். வயிற்றில் அடித்தால் வழிக்கு வருவான் என்பதுதானே அவர்கள் சாஸ்திரம்!

அந்த ஏழைகள் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. தாங்களே பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1925-ல் 14 பேர் சேர்ந்து, கூலி வேலைக்காரர் பரஸ்பர சகாயக் கூட்டுறவுச் சங்கம் என்று பதிவு செய்து, காண்டிராக்டைத் தாங்களே எடுத்தார்கள். வெகுகாலம் சில்லறை வேலைகள்தான் கிடைத்தன. இன்றோ அச்சங்கம் பெரிய ரோடுகளும் பாலங்களும் கட்டுகிறது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுக்கிறது. 2016-ல் கோழிக்கோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கென்று சைபர் பார்க்கே திறந்திருக்கிறது.

கூலிக்காரனுக்கு நிர்வாகம் தெரியுமா என்று சில புத்திசாலிகள் கேட்கிறார்கள். அங்கே டைரக்டர்கள் தொழிலாளி அங்கத்தினர்களால், அவர்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். மேஜைக்கு முன் உட்கார்ந்திருப்பதில்லை. வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்க்கிறார்கள். கல் சரியில்லாவிட்டால் அன்றே தெரிந்துவிடும். சரி, சர்க்கார் பில் வருகிறவரை கூலி கொடுக்க முதல் வேண்டாமா? ஊரார் சங்கத்தில் டிபாசிட் வைக்கிறார்கள். கண்ணெதிரே நல்ல ரோடு கிடப்பதைப் பார்த்தவர்கள் பணத்தை நம்பிக் கொடுப்பதில் ஆச்சரியமென்ன?

குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அங்கு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அங்கத்தினர் அல்லர். ஓட்டில்லாத தொழிலாளி ஒருவர் இருக்கிறவரை பாதி வேலை பாக்கிதான்.

உங்கள் ஊரில் கொத்தனார் எத்தனை பேர், கல் உடைக்கிறவர் எத்தனை பேர், சித்தாள் பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்திற்கு வாருங்கள். ஜாதிக்கொரு நோட்டு வேண்டாம். அப்படி எழுதினால் காண்டிராக்டருக்குத்தான் கொண்டாட்டம். பதிவு செய்யும் விதிகளை நான் கொண்டு வருகிறேன்.