காய் நகர்த்திப் பிடித்த பகா எண்

பகா எண் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை; பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். 2024 அக்டோபரில் புதிதாக ஒரு பகா எண் அகப்பட்டது. 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். இப்படி ஒரு சேதி வந்தால் போதும், எத்தனை இலக்கம், எத்தனை என்று அதே பேச்சு. எனக்கு அதில் பொறுமை இல்லை. அது பகா எண்தான் என்று எப்படித் தெரிந்தது? அதைக் கேட்க வேண்டாமா?

எனக்குப் பிடித்த எண்ணுக்கு 39 இலக்கம்தான். 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழியுங்கள். 1701 என்று தொடங்கி 5727 என்று முடியும். 1876இல் பிரான்ஸ் நாட்டு எடுவார் லூக்காஸ் அதைப் பகா எண் என்று நிறுவினார். அதன்பின் 75 ஆண்டுகள், 1951 வரை, அதைவிடப் பெரிய பகா எண் எவர் கைக்கும் சிக்கவில்லை.

வகுத்து வகுத்துப் பார்த்தாரா? இல்லை. திரும்பச் சொல்கிறேன், ஒரு வகு எண்ணைக்கூட அவர் தேடவில்லை. 3இல் தொடங்கினார். வர்க்கம் எடு, 2ஐக் கழி, மீதியை மட்டும் வைத்துக்கொள். மறுபடி வர்க்கம் எடு, 2ஐக் கழி. அவ்வளவுதான்.

பென்சில் இருந்தால் எடுங்கள். 127ஐயே சோதிப்போம், அது ஏழு இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைவு. 3இன் வர்க்கம் 9, இரண்டு போக 7. அடுத்தது 47. அதன் வர்க்கத்தில் இரண்டு போக 2207. 127ஆல் வகுக்க மீதி 48. அடுத்து மீதி 16. அதன் வர்க்கம் 256, இரண்டு போக 254. 127இன் இரு மடங்கு! மீதி சைபர். ஏழில் இரண்டு குறைய ஐந்து; அந்த ஐந்தாம் படியில் சைபர் வந்தால் பகா எண்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் அம்மாவின் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதைப் போட்டேன். 48ஐ 58 என்று எழுதிவிட்டு, சைபர் வராமல் தவித்தேன். திருத்திப் போட்டு 16 வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த படி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை.

39 இலக்க எண்ணுக்கு இப்படி 125 படிகள். லூக்காஸ் 127 வரிசை, 127 பத்தி கொண்ட சதுரங்கப் பலகையை வைத்துக்கொண்டார். எண்ணை இரண்டடிமானத்தில் எழுதி, ஒன்று வரும் கட்டத்தில் காய், சைபருக்கு வெற்றிடம். பெருக்கும்போது ஒவ்வொரு வரிசையும் ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளும். இடது ஓரத்தில் வெளியேறும் காய் வலது ஓரத்தில் வந்து உட்காரும். ஒரே பத்தியில் இரண்டு காய் சேர்ந்தால் இரண்டையும் எடுத்து, இடப்பக்கத்துப் பத்தியில் ஒன்றை வை. பார்த்தீர்களா, வகுத்தலே இல்லை! மீதி தானாக வந்து நிற்கிறது. கணக்கில் இதைவிட அழகான கைவேலையை நான் கண்டதில்லை.

3இல் தொடங்குவது எல்லா அடுக்குக்கும் ஒத்துவராது. அமெரிக்காவின் லேமர் 1930இல் 4இல் தொடங்கும் பொதுவழியைக் கொடுத்தார். 2024இன் எண்ணையும் கடைசியில் உறுதிசெய்தது லூக்காஸ்-லேமர் சோதனைதான்.

ஹனோய் கோபுரம் விளையாடியிருப்பீர்கள். மூன்று கம்பி, அடுக்கிய தட்டுகள். 1883இல் அதை வெளியிட்டவரும் இதே லூக்காஸ். அதில் 127 தட்டு அடுக்கினால், முழுவதையும் வேறு கம்பிக்கு மாற்றக் குறைந்தது எத்தனை நகர்த்தல் வேண்டும் தெரியுமா? 1701 என்று தொடங்கி 5727 என்று முடியும் அதே எண்.