வில்லை இல்லாத கண்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவம் படித்த பழைய மாணவிகள் சார்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். சீனி வருத்தமும் பிரஷரும் எல்லா விழாவிலும் பேசி முடிந்தவை. ஆகவே பெயரே பலர் கேட்டிராத ஒன்றை எடுத்துக்கொண்டோம்: அஃபேக்கியா. கிரேக்க மொழியில் 'ஃபாக்கோஸ்' என்றால் பருப்பு. கண்ணுக்குள் இருக்கும் வில்லை மைசூர்ப் பருப்பின் வடிவம். லத்தீனில் 'லென்ஸ்' என்றாலும் அதே பருப்புத்தான். அந்தப் பருப்பு இல்லாத கண்ணுக்குத்தான் இந்தப் பெயர்.

பெயர் புதிதென்றாலும் ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் அம்மம்மாக்களும் உம்மம்மாக்களும் கண்ணில் பூ விழுந்து ஒப்பரேஷன் செய்துகொண்ட காலத்தில், மங்கிய வில்லையை எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு உள்ளே எதையும் வைப்பதில்லை. பிறகு சோடாப் போத்தல் அடி போன்ற கண்ணாடி. பவர் பத்து அளவில் இருக்கும். அதைப் போட்டால் உலகம் கால்வாசிக்கு மேல் பெருத்துத் தெரியும். தூரத்தில் இருப்பது கிட்ட வந்துவிடும். கண்ணாடி விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் அடியோடு தெரியாது. அந்த இடத்திலிருந்து ஆள் திடீரென்று முளைப்பார். தேத்தண்ணி கோப்பைக்கு வெளியே ஊற்றுப்படும். திருகோணமலை லோஞ்சில் வந்து மூதூர் இறங்குதுறையில் கால் வைக்க முன் எங்கள் கிழவிகள் ஏன் அவ்வளவு நேரம் தடவினார்கள் என்று, மருத்துவபீடத்தில் கண் பாடம் படித்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. அதுவரை பயந்தவர்கள் என்றே நினைத்திருந்தோம்.

கண்ணாடி இருக்கும்வரை அவர்களுக்குப் பார்வை இருந்தது. 2006 ஆகஸ்ட்டில் மூதூர்ச் சனம் கந்தளாய்ப் பக்கம் நடந்ததை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த ஓட்டத்தில் அடையாள அட்டையை எடுத்தோம், பிள்ளையைத் தூக்கினோம். எங்களில் ஒருவரின் பெரியம்மாவின் கண்ணாடி யன்னல் கட்டிலேயே இருந்துவிட்டது. முகாமில் கைபிடித்துக் கொண்டுபோனால்தான் மலசலகூடம். கண்ணில் நோயில்லை, நரம்பில் பழுதில்லை. இல்லாதது ஒரு கண்ணாடி. ஆனால் முகாமில் எல்லோரும் அவரைக் குருடி என்றே நம்பினார்கள். கொஞ்ச நாளில் அவரும் நம்பிவிட்டார்.

இன்று வில்லையை எடுத்த கையோடு செயற்கை வில்லையை வைத்துவிடுகிறார்கள். அதை 1949 நவம்பரில் லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் முதலில் செய்தவர் ஹரோல்ட் ரிட்லி. போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பிளாஸ்ரிக் துண்டுகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடந்ததைக் கவனித்த மனிதர். சக வைத்தியர்கள் நெடுநாள் அவரை எதிர்த்தார்கள். ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் வில்லை கிடைப்பதற்கு, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து 1992இல் தொடங்கிய ஆரோலாப் பெரிய காரணம்.

அப்படியானால் இது முடிந்த கதைதானே என்று கேட்பீர்கள். இல்லை. இப்போது இது குழந்தைகளின் கதை.

பிறக்கும்போதே வில்லை மங்கியிருக்கும் பிள்ளைகள் உண்டு. தாய்க்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்தால் அப்படி ஆகலாம் என்று 1941இல் கண்டுபிடித்தவர் அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக். 1996இல் இலங்கையில் 11 முதல் 44 வயது வரையான பெண்களுக்கு ருபெல்லா ஊசி தொடங்கியது. எங்கள் வகுப்பும் மண்டபத்தில் வரிசையில் நின்றது. யார் அழுவது என்று பந்தயம் கட்டினோம். அது எங்களுக்கல்ல, பின்னாளில் பிறக்கப்போகும் பிள்ளைகளின் கண்ணுக்கும் காதுக்கும் இருதயத்துக்கும் போட்ட ஊசி. 2020இல் ருபெல்லா இலங்கையில் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த வரிசைக்கும் அதில் பங்குண்டு, தோழிகளே.

ஆனாலும் பரம்பரையாலும் காரணம் தெரியாமலும் வெண்புரையோடு பிள்ளைகள் பிறக்கத்தான் செய்கிறார்கள். கண்மணியில் வெள்ளை தெரிந்தால், ஃபோட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாய் மின்னினால், நாள் பார்க்காதீர்கள். மிகச் சிறு பிள்ளைக்குப் பொதுவாக முதல் ஆறு, எட்டு வாரங்களுக்குள் ஒப்பரேஷன் முடியவேண்டும். அந்த வயதில் செயற்கை வில்லை வைக்கப் பெரும்பாலும் அவசரப்படுவதில்லை. கண் இன்னும் வளர வேண்டும். ஆகவே சில வருடங்களுக்கு அதே தடித்த கண்ணாடி, அல்லது கொன்ராக்ட் லென்ஸ்.

இங்கேதான் சண்டை. "பொம்பிளைப் பிள்ளைக்கு இப்பவே கண்ணாடியா?" என்று ஒரு மாமி கேட்பார். கலியாண வீட்டுக்குப் போகும்போது தாய் அதைக் கழற்றிவிடுவார். கண்ணாடி இல்லாத கண்ணிலிருந்து மூளைக்குத் தெளிவான படம் போகாது. மூளை பார்க்கப் பழகாமலே வளர்ந்துவிடும். பிறகு எந்த வில்லை வைத்தும் முழுப் பார்வை வராது. ஒப்பரேஷன் நன்றாக முடிந்தும் கண்ணாடியைக் கழற்றியதால் பார்வை குறைந்த பிள்ளைகளை எங்கள் கிளினிக்கில் பார்க்கிறோம். கோபம் வருகிறது, தாயிடம் அல்ல, அந்த மாமியிடம். அந்த மாமிமாரில் எங்கள் பழைய மாணவிகளும் இருக்கிறார்கள் என்பதால்தான் இங்கே சொல்கிறோம்.

வெளிநாட்டு அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். பாவித்த கண்ணாடிகளைப் பெட்டியில் அனுப்பாதீர்கள், பவர் பொருந்தாது. பிள்ளை வளர வளரப் பவர் மாறும். முதல் வருடத்தில் பலதடவை கண்ணாடி மாற்றவேண்டும், அது கீழே விழும், உடையும். நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கச் செயற்குழுவிடம் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு சோடி. ஒன்று முகத்தில், மற்றது வகுப்பு ரீச்சரின் மேசை லாச்சியில்.