நின்ற வண்டி மறுபடி கிளம்பிவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்படி கொஞ்சம் பேசச் சொல்லி செயலாளர் கேட்டார். "சார், நான் பி.காம். படித்துவிட்டு பேங்கில் கிளார்க்காக இருந்தவன், எஞ்சினுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். "அந்த பேஸ்மென்ட் கதையைச் சொல்லுங்க, போதும்" என்றார். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பேஸ்மென்ட் தூண் ஓரமாகக் கவர் போட்டு நிற்கும் என் வெள்ளை ஓம்னி வேனை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1998 மாடல், கார்புரேட்டர் எஞ்சின். பதிவைப் புதுப்பித்து, இன்ஷூரன்ஸ் கட்டி வைத்திருக்கிறேன். பின் சீட்டை மடக்கி மெத்தையை விரித்தால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். ஸ்டவ், தண்ணீர் கேன், சின்ன ஃபேன் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவியும் கோயில் கோயிலாகப் போய்வந்தது இதில்தான். லாட்ஜ் தேடி அலைந்ததே இல்லை.

அந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்க ஆரம்பித்தது. முதல் தடவை கும்பகோணம் போகும்போது, மதுராந்தகத்துக்குக் கொஞ்சம் முன்னால். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி இழுவை குறைந்து, இரண்டு மூன்று தடவை குலுங்கி, நின்றுவிட்டது. செல்ஃப் அடித்துப் பார்த்தேன், கிளம்பவில்லை. இருபது நிமிடம் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பிவிட்டது. "சூடு ஆகியிருக்கும்" என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஓம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் அப்படிச் சொல்லிக்கொள்வது சுலபம்.

ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் காட்டினேன். "காயில் சூடானா இப்படித்தான் சார் நிக்கும்" என்றார். இக்னிஷன் காயில், பிளக் எல்லாம் புதுசு. அடுத்த மாதம் வாலாஜாபாத் பக்கத்தில் மறுபடி நின்றது. அப்போது பெட்ரோல் ஃபில்டர், கார்புரேட்டர் சர்வீஸ், பெட்ரோல் பம்ப். இரண்டு பில்லும் சேர்ந்து 9,400 ரூபாய். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். "வண்டி நின்னுடுச்சு, பாருங்க" என்று மட்டும் சொன்னேன். எப்போது, எப்படி, எவ்வளவு தூரம் ஓடிய பிறகு நின்றது என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

மூன்றாவது தடவை நடந்ததைச் சொல்வதற்குத்தான் இங்கே நிற்கிறேன். திருவண்ணாமலைக்குக் கிளம்பினோம். பின்னால் பேத்தி உட்கார்ந்திருந்தாள். மாலை ஆறரை மணி, இருட்ட ஆரம்பித்துவிட்டது. அச்சிறுபாக்கம் தாண்டி ஒரு லாரியை முந்துவதற்காக வலது பக்க லேனில் போகும்போது வண்டி இழுவையை இழந்தது. இடது பக்கம் அந்த லாரி. பின்னால் இன்னொரு லாரி விளக்கைப் போட்டு ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. எனக்குப் போக இடமில்லை. இடது லாரி கடந்து போனதும் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். பின்னால் வந்த லாரி எங்களை உரசாத குறையாகத் தாண்டிப் போனது. வண்டி தன் வேகத்திலேயே உருண்டு ஓரத்து மண்ணில் போய் நின்றது. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

அங்கே நின்றபோது எனக்கு உறைத்தது இதுதான். இரண்டு தடவை இந்த வண்டி எனக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. மறுபடி கிளம்பிவிட்டதே என்பதற்காக நான் அதைப் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

பேங்கில் ஒரு நாள் கணக்கில் வித்தியாசம் வந்தால் அதை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது என் முதல் ஹெட் கிளார்க் சொன்ன பாடம். அவர் இன்னொன்றும் சொன்னார்: வித்தியாசத்தின் தொகையைப் பார், தப்பு எந்த ஜாதி என்று அதுவே சொல்லும். 5,410 என்பதை 5,140 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 270 வரும். அது 9-ஆல் வகுபடும். அப்படி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வித்தியாசத்தில் பாதித் தொகைக்கு ஒரு பதிவு இருந்தால், அது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கலாம். வித்தியாசத்தைப் பார்க்காமல் லெட்ஜர் முழுவதையும் புரட்டுகிறவன் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருப்பான்.

எஞ்சினும் அப்படித்தான். அது எப்படி நிற்கிறது என்பதே எங்கே தப்பு என்று பாதி சொல்லிவிடும். எனக்குப் பிறகு புரிந்ததை உங்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று. சுவிட்சை அணைத்தது போல் பட்டென்று நின்றால், முதலில் மின்சாரப் பக்கம் பாருங்கள். நின்ற உடனே டாஷ்போர்டைக் கவனியுங்கள். விளக்குகளும் சேர்ந்து போய்விட்டால் பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், சாவி சுவிட்ச் இவற்றில் ஏதோ ஒன்று. விளக்கு எரிகிறது, எஞ்சின் மட்டும் இல்லை என்றால் காயில், டிஸ்ட்ரிபியூட்டர், சென்சார் பக்கம். காயில் சூட்டில் நின்று, ஆறினதும் வேலை செய்வதும் உண்டு. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் நின்றால், லூசான ஒயரைத் தேடுங்கள். நம் பேஸ்மென்ட்டில் எலி ஒயரைக் கடிப்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டு. இழுவை குறைந்து, குலுங்கி, மெதுவாக நின்றால் பெட்ரோல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று சந்தேகப்படுங்கள். ஃபில்டர் அடைப்பு, பம்ப் பலவீனம், ஹோஸ் விரிசல், டேங்கில் அழுக்கு, சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாவது எல்லாம் இதில் வரும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது அதிகம். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸ்களையும் கெடுக்கும்.

மூன்று. ரோட்டில் நன்றாக ஓடி, சிக்னலில் மட்டும் நின்றால் ஐடிலிங் பிரச்னை. கார்புரேட்டர் வண்டியானால் அதன் அட்ஜஸ்ட்மென்ட், சின்ன ஜெட்டில் அடைப்பு. இன்ஜெக்‌ஷன் வண்டியானால் த்ராட்டிலில் கரி படிந்திருக்கும். வாக்குவம் ஹோஸ் எங்காவது விட்டுப்போயிருந்தாலும் இப்படி ஆகும்.

இனி என் கதைக்கு வருகிறேன். திருவண்ணாமலைப் பயணத்தை ரத்து செய்து, வண்டியை டோ செய்து கொண்டுவந்தோம். அடுத்த நாள் ஒரு நோட்டை எடுத்து மூன்று தடவை நின்றதையும் எழுதினேன். தேதி, நேரம், இடம், ஓடிய தூரம், எப்படி நின்றது, எவ்வளவு நேரத்தில் கிளம்பியது. மூன்றிலும் இழுவை குறைந்து, குலுங்கித்தான் நின்றிருக்கிறது. அதாவது பெட்ரோல் பக்கம். ஆனால் ஃபில்டரும் பம்பும் புதுசு. டேங்கில் அழுக்கு இருந்தால் ஊருக்குள் ஓட்டும்போதும் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

விடையைச் சொன்னது என் மனைவி. நான் வண்டிச் செலவை எல்லாம் எழுதி வைக்கிறவன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஊருக்குள்ள முந்நூறு, ஐந்நூறுக்குத்தான் போடறீங்க. நின்ன மூணு நாளும் டேங்க் ஃபுல் பண்ணியிருக்கீங்களே" என்றாள். அதே நோட்டில் முதல் தடவை நிற்பதற்கு முந்தின வாரம் இன்னொரு பதிவு: டேங்க் மூடி, பூட்டு வைத்தது, 180 ரூபாய். பழைய மூடியைப் பங்கில் தொலைத்துவிட்டு, கிடைத்ததை வாங்கிப் போட்டிருந்தேன்.

கார்புரேட்டர் வண்டிகளில் டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். என் பழைய மூடியில் அதற்கு வழி இருந்தது. புது மூடியில் இல்லை. கவிழ்த்த பாட்டிலில் தண்ணீர் திக்கித் திக்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம்தான். இரண்டு மூன்று லிட்டர் செலவானாலே வாக்குவம் பலமாகிவிடும், பம்பால் இழுக்க முடியாது. இருபது நிமிடம் நின்றால் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போய்விடும், வண்டி கிளம்பும். பாதிக் காலியான டேங்கோடு ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் ஒன்றும் தெரியாது.

மெக்கானிக் தம்பியை உட்கார வைத்துக்கொண்டு, பகலில், டேங்க் ஃபுல் செய்து, சர்வீஸ் ரோடு ஓரமாகவே ஓட்டிப் பார்த்தோம். முக்கால் மணி நேரத்தில் இழுவை குறைந்தது. ஓரம் கட்டி மூடியைத் திறந்தார். "புஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம். சாவியைத் திருப்பினேன், உடனே கிளம்பியது. "சார், இதை முதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா காயிலே மாத்தியிருக்க மாட்டேன்" என்றார். சரியான மூடி வாங்கிப் போட்ட பிறகு கும்பகோணமும் திருவண்ணாமலையும் போய்வந்தாகிவிட்டது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு யாரும் டேங்க் மூடியில் ஓட்டை போட்டுவிடாதீர்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் மூடி இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும், காற்றுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் மாடலுக்கு உரிய மூடியைப் போட்டாலே போதும். திறந்து பார்க்கும்போது பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

கடைசியாக, நடுரோட்டில் நின்றால் செய்ய வேண்டியது. ஹசார்டு விளக்கைப் போடுங்கள். உருளும் வேகம் இருக்கும்போதே இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள். சாவியை முழுக்கத் திருப்பி எடுக்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கனமாகும், பிரேக் பூஸ்டரும் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் உதவும். அதனால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். வண்டி நின்றதும் எல்லோரும் இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நில்லுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்து போன் பேசாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

நம் பேஸ்மென்ட்டில் பத்து வருடத்துக்கு மேலான வண்டிகள் நிறைய நிற்கின்றன. அவற்றை ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். டேஷ்போர்டு பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் வையுங்கள். வண்டி ஒரு தடவை நின்றாலும், மறுபடி கிளம்பிவிட்டாலும், அன்றைக்கே எழுதுங்கள். அந்த நோட்டோடு மெக்கானிக்கிடம் போங்கள். காரணம் தெரிகிறவரை நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

என் மனைவி இப்போதும் அச்சிறுபாக்கம் தாண்டும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். நானும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.