தண்ணீருக்கு வழிகாட்டிய மன்னர்கள்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் காப்பார் வட்டாரம் தாழ்வான கடலோர நிலம். இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் என்ன ஆகுமென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கால்வாய் வெட்டிய கைகள் இந்த அவையிலே நிறைய இருக்கின்றன. ஆகவே, வெள்ளத்தை வென்ற இரண்டு மன்னர்களின் கதையை உங்களிடம் சொல்கிறேன்.

சீன மக்கள் 'தா யூ' என்று போற்றும் மன்னன் ஒருவன் உண்டு. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே பெருவெள்ளம். யூவின் தந்தை 9 ஆண்டுகள் கரை போட்டுத் தடுத்துப் பார்த்தார், தோற்றார். மகனோ கால்வாய் வெட்டி, வெள்ளத்தைக் கடலுக்கு வழியனுப்பி வைத்தான். அந்த 13 ஆண்டுகளில் மும்முறை சொந்த வீட்டு வாசலைக் கடந்தும் உள்ளே நுழையவில்லையாம்! அதன் பிறகே அரியணை ஏறினான் என்பது அவர்களின் வழிவழிச் செய்தி.

நமக்கும் ஒருவன் உண்டு, கரிகாற்சோழன். காவிரியில் அவன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணையின் நீளம் சுமார் 1,080 அடி. ஆற்று மணலில் கல்லைப் புதைத்து, களிமண் பூசி, மேலே மேலே கல் அடுக்கிய வேலை அது. பள்ளமான கொள்ளிடத்தில் ஓடிப் போகும் நீரை அது வயலுக்குத் திருப்பியது. மிஞ்சிய வெள்ளத்தை வழிந்து போகவும் விட்டது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அதைக் கண்டு வியந்து பாடம் கற்றார்.

நானும் பாடம் கற்றேன், கொஞ்சம் தாமதமாக. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில், தினமும் பிந்தி வந்த மாணவனைப் பிரம்பால் அடித்தேன். நான்காம் நாள் அவன் வரவேயில்லை. வீடு தேடிப் போனேன். அம்மாவுக்கு உடம்பு முடியலை. தம்பியை ஆயாக்கொட்டகையில் விட்டுட்டுத்தான் பிள்ளை ஓடி வந்திருக்கிறான்! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான்? அவன் திரும்பி வந்தான். ஆனால், ஆறு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெற்றோர்களே, பிள்ளைகளும் தண்ணீர் மாதிரிதான். அடித்து மறித்தால் கரை உடையும். வழி காட்டினால் வயல் விளையும். இன்று பரிசு வாங்காத பிள்ளையிடமும் வீட்டுக்குப் போனதும், "உனக்கு எது பிடிக்கும், ஐயா?" என்று கேளுங்கள். அதுவே நீங்கள் வைக்கும் முதல் கல்.