வைகை போன வழியே

தெற்கே வைகையும், வடக்கே கண்மாயும், அக்கரையில் திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய தெப்பக்குளமும் சூழ வாழ்கின்ற வண்டியூர்க்காரர்களுக்குக் கடல் மட்டும் வெகுதூரம். சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்குகின்ற அழகர் எங்கள் ஊர்வரை எழுந்தருளி, சேவை சாதித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். ஆறோ திரும்புவதில்லை, கிழக்கே போய்க்கொண்டேயிருக்கிறது. அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்துவிட வேண்டுமென்ற ஆசையே சிநேகிதர்கள் சிலரோடு தை மாதத்தில் நாங்கள் மேற்கொண்ட பிரயாணத்துக்குக் காரணம்.

நாங்கள் சென்ற வாகனத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சினிமா நட்சத்திரங்களின் கேரவனை நினைத்துக்கொள்ள வேண்டாம். சிநேகிதர் ஒருவர் தம்முடைய பழைய வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, பலகைக் கட்டில் அடித்து, அதன் கீழே அரிசிக்கும் அடுப்புக்கும் இடம்விட்டு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் ஏற்றியிருந்தார். சேதுவுக்கு நடந்துபோன யாத்ரிகர்களுக்காகச் சேதுபதி மன்னர்கள் வழிநெடுகக் கட்டிவைத்தவை சத்திரங்கள். எங்கள் வேன், கூடவே உருண்டு வந்த சத்திரம்.

சிலைமானைத் தாண்டியதும் கீழடி. திருப்புவனம், மண்பானைக்கும் கடத்துக்கும் பேர்போன மானாமதுரை, தறிச்சத்தம் கேட்கும் பரமக்குடி ஆகியவற்றை வேகமாகவே கடந்தோம். ஆனால் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தாமல் போக மனம் வரவில்லை. வருசநாட்டு மலையில் பிறந்து, வழியிலுள்ள கண்மாய்களுக்கெல்லாம் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து கொடுத்துவிட்டு, மிஞ்சிய நீரோடு வைகை வந்து அடங்குவது இந்தக் கண்மாயில்தான். இது நிரம்பிக் கலுங்கு வழிந்தால்தான் கடலுக்குத் தண்ணீர். நதி சமுத்திரத்தைச் சேராதது ஒரு குறை என்று பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. மழை குறைந்த சீமையில் ஒரு சொட்டையும் வீணாக்காத விவசாயிகளின் கெட்டிக்காரத்தனம் அது.

வழிகின்ற வருஷங்களில் அந்த நீர் கடலைக் காணும் இடத்துக்கு ஆற்றங்கரை என்றே பெயர். அடுத்தாற்போலிருக்கும் அழகன்குளத்தில் ரோமாபுரிக் காசுகளும் மட்பாண்டங்களும் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன; இன்று வலை உலரும் இந்த முகத்துவாரத்தின் அருகே ஒருகாலத்தில் அந்நிய தேசத்துக் கப்பல்களின் சரக்கு இறங்கியது.

மண்டபத்துக்கு அருகே, பனைகளின் ஓரமாக, கடலைப் பார்த்து வேனை நிறுத்தி, ஏலத்தில் எடுத்த சூடை மீனைக் குழம்பு வைக்க முயன்றோம். அடுப்பு பற்றுவதும் அணைவதுமாக இருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, வாடைக்காத்துக்கு முதுகைக் காட்டி வண்டிய நிப்பாட்டுங்க, அடுப்பு தானா நிக்கும்" என்றார். அவ்வாறே திருப்பி நிறுத்தினோம். குழம்பு கொதித்தது, அவருக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் நின்று பார்த்தபோது, ஆட்கள் நெம்பிச் சுழற்றித் திறந்துவந்த 1914-ஆம் ஆண்டு ரயில் பாலமும், நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும்பிக் கப்பலுக்கு வழிவிடும் 2025-ஆம் ஆண்டுப் பாலமும் அருகருகே தெரிந்தன. இராமேசுவரம் கோயிலைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவது அபசாரம்.

தனுஷ்கோடியோ ஆற அமரப் பார்க்க வேண்டிய இடம். சென்னையிலிருந்து போட் மெயில் வந்து நின்று, தலைமன்னாருக்குக் கப்பலேறிய ஜனங்களால் கலகலத்த துறைமுகத்தை, 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் அடித்த புயல் ஒரே வீச்சில் துடைத்தெறிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயிலொன்றும் பிரயாணிகளோடு கடலில் போயிற்று. எஞ்சிய மாதாகோயில் சுவர்களில் பவளப்பாறைக் கற்களின் துளைகளை விரலால் தடவிப் பார்க்கலாம். வடக்கே சாதுவாகக் கிடப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே சீறுவதை ஆண் கடல் என்றும் அங்குள்ளோர் சொல்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே, மணலைச் சற்று ஆழமாகப் பறித்தால் நல்ல தண்ணீர் சுரப்பதுதான் அந்த ஊரின் அதிசயம். மீனவப் பெண்ணொருத்தி ஊற்றுக்குள் குனிந்து, சிரட்டையால் கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றுவதைப் பார்த்தேன். குடம் நிறைய வெகுநேரம் ஆயிற்று.

போகவிரும்பும் நேயர்கள் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். தனுஷ்கோடியில் இரவு தங்க அனுமதியில்லை. குடிதண்ணீரை இராமேசுவரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கடலில் குளித்த உப்பு போக வேண்டுமென்று, அந்தப் பெண்கள் குடிக்கும் ஊற்றில் மட்டும் தயவுசெய்து கால் கழுவாதீர்கள்.