மாற்றம் வருமுன் பதிவு செய்க

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் மரபு. இன்று அம்மரபினின்றும் சற்று விலகி, நம் காலனி வீடுகள் சிலவற்றில் மெல்லிய குரலில் மட்டுமே பேசப்படும் ஒரு பொருளை எடுத்துக்கொள்கின்றேன். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அரசு வழங்கும் உதவிகளை, குடும்பத்தின் நிலை மாறுங்காலத்தும் இழந்துவிடாமல் காப்பது எங்ஙனம் என்பதே அது. ஓய்வூதியக் கோப்புகளோடு நெடுங்காலம் பழகியவன் என்பதே இதுபற்றிப் பேச எனக்குள்ள தகுதி.

ஆட்டிசம் தொற்றும் நோயன்று. பெற்றோர் வளர்ப்பின் குறையும் அன்று. மூளையின் வளர்ச்சியில் அமைந்த ஒரு வேறுபாடு. லியோ கானர் என்னும் மருத்துவர் 1943-இல் இதனை விரித்தெழுதினார். நம் நாட்டுச் சட்டம் இதனை ஏற்றுக்கொள்ளவோ நெடுங்காலம் ஆயிற்று. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிய ஏழு வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசம் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதன் பெயரைச் சொல்லிற்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றது. ஆதலின், வளர்ந்த மகன் இருந்தும் சான்றிதழ் இல்லாத வீடுகள் இருத்தல் வியப்பன்று. அவர்கள் இன்றும் சான்றிதழ் பெறலாம்.

உதவிகள் யாவும் அச்சான்றிதழ் என்னும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. இயலாமை 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என மருத்துவர் குழு சான்றளிக்குமாயின், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. பழைய வருமானவரி முறையைத் தேர்ந்துகொண்ட பெற்றோர்க்கு 75,000 ரூபாய் கழிவு உண்டு. இயலாமை 80 விழுக்காட்டை எட்டின் அது 1,25,000 ரூபாய். மத்திய அரசு ஊழியர்க்குக் குழந்தையின் கல்விப்படி இருமடங்கு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் 1,00,000 ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு. இவற்றைப் பெறுவது ஒரு முயற்சி. பெற்றதைக் காப்பது வேறொரு முயற்சி. குடும்பத்தின் நிலை நான்கு வகையில் மாறக்கூடும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, இடமாற்றம். நம்மைப் போன்று பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்தோர்க்கு இஃது இயல்பு. சான்றிதழ் நாடு முழுதும் செல்லும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகின்றது; எனவே மாநிலம் மாறினால் அது செல்லாது என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டா. ஆனால் மாநில அரசு தரும் மாத உதவித்தொகை அம்மாநிலத்தில் வாழ்வோர்க்கே உரியது. ஓய்வுபெற்றுத் தமிழ்நாடு திரும்புவோர், இங்குப் பெறும் தொகையை முறைப்படி நிறுத்திவிட்டு, அங்கே புதிதாக விண்ணப்பித்தல் வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் முகவரியையும் மாற்றுக. மற்றொன்று: இத்தகைய குழந்தையைப் பேணும் மத்திய அரசு ஊழியர்க்குச் சுழல்முறை இடமாற்றத்தினின்றும் விலக்குக் கோர, 2014-ஆம் ஆண்டு ஆணையும் 2018-ஆம் ஆண்டு ஆணையும் இடந்தருகின்றன. நிருவாக இடையூறு இல்லாவிடத்தே அது கிடைக்கும். மாற்றல் ஆணை வந்தபின் ஓடுவதினும், குழந்தையின் நிலையை முன்னரே அலுவலகத்தில் எழுத்தாற் பதிந்துவைப்பதே நன்று.

இரண்டாவது, காலாவதி. இளவயதில் தரும் சான்றிதழ் பெரும்பாலும் காலவரையறை உடையது. அதில் குறித்த நாள் கடந்தால், புதுச் சான்றிதழ் பெறாமல் வரிக்கழிவு கோர இயலாது. காப்பீட்டையும் ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். திருமண நாளைக் குறிக்கும் நாட்காட்டியில் இந்நாட்களையும் குறித்துவைத்தால் போதும்.

மூன்றாவது, 18 வயது நிறைதல். அந்நாள் வரை பெற்றோரே இயற்கைப் பாதுகாவலர். மறுநாள் முதல், சட்டத்தின் முன் அப்பிள்ளை தனி மனிதன். வங்கிக் கணக்கில் தந்தையின் கையெழுத்துச் செல்லாது. எல்லார்க்கும் பாதுகாவலர் வேண்டும் என்பதில்லை. தம் செயலைத் தாமே ஆற்றவல்லார் பலர் உளர். தேவைப்படுவோர்க்கு, மாவட்ட ஆட்சித் தலைவர் நிலைக்குக் குறையாத அதிகாரி இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். நீதிமன்றப் படி ஏற வேண்டுவதில்லை. நியமனம் பெற்றவர் 6 மாதத்திற்குள் பிள்ளையின் உடைமைகளைப் பட்டியலிட்டுத் தருதல் வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் கணக்கும் காட்டுதல் வேண்டும். பாதுகாவலர் பிள்ளையின் பொருளுக்குப் பொறுப்பாளரேயன்றி உடைமையாளர் அல்லர்.

நான்காவது, பெற்றோரின் ஓய்வும் மறைவும். நான் மேடை ஏறியது இதற்காகவே. ஆட்டிசத்தால் தன் பிழைப்பைத் தானே தேட இயலாத மகனோ மகளோ, 25 வயது கடந்தபின்னும், வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். தாயும், வயதுக்குட்பட்ட உடன்பிறந்தாரும் பெறும் காலம் முடிந்தபின் அது அப்பிள்ளைக்கு வரும். பிள்ளைக்குச் சிறிது வருமானம் இருந்தாலே உரிமை போய்விடும் என அஞ்ச வேண்டா. 2021-ஆம் ஆண்டு ஆணையின்படி, குடும்ப ஓய்வூதியம் நீங்கிய பிற வருமானம், ஊழியர் இறுதியாகப் பெற்ற ஊதியத்தின் 30 விழுக்காடும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குக் குறைவாக இருந்தாற் போதும்.

ஆயின், நடப்பது யாது? குடும்ப விவரப் படிவத்தில் அப்பிள்ளையின் பெயர் இருக்கும். அவன் நிலை இராது. சில படிவங்களில் பெயரே இராது. ஏன்? மூத்த மகளின் திருமணம் தடைப்படுமோ என்னும் அச்சம். அலுவலகத்தார் அறிந்தால் என்ன நினைப்பரோ என்னும் கூச்சம். தந்தை மறைகின்றார், தாய் ஓய்வூதியம் பெறுகின்றார், தாயும் மறைகின்றார். அந்நாளில் தமையன் சான்றிதழும் கையுமாக வந்து நிற்கின்றான். இயலாமை எந்நாள் தோன்றிற்று, இவர்தம் பிள்ளைதானா, பாதுகாவலர் யார் என்று கோப்பு கேட்கின்றது. விடை கூற வல்ல இருவரும் இன்று இல்லை. ஒரு வரி எழுதாமையால் அப்பிள்ளையின் சோறு மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில், காத்துக் கிடக்கின்றது. கோப்பினுள் எழுதிய வரியை மணம் பேச வருவோர் படிக்கப்போவதில்லை, அன்பர்களே! எழுதாத வரியின் விலையை அக்குழந்தைதான் கொடுக்கும்.

ஆகவே பணியில் இருக்கும்போதே பிள்ளையின் நிலையைப் படிவத்தில் எழுதுக. ஓய்வுபெற்றோர், ஓய்வூதிய ஆணையில் பிள்ளையின் பெயரை இப்பொழுதே சேர்க்க விண்ணப்பிக்கலாம். விதி அதற்கு இடந்தருகின்றது. பிள்ளையின் சார்பில் தொகையைப் பெறுவோர் யார் என்றும் குறித்துவைக்கலாம். 2004 ஜனவரி முதல் நாள் தொட்டு மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர் பெரும்பாலும் வேறு ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளனர். தம் பிள்ளைக்கு அதில் உள்ளது யாது, இல்லாதது யாது என்பதை இன்றே கேட்டறிந்து, குறைவதைச் சேமிப்பால் நிரப்ப வேண்டும். தொழிற்சாலைகளில் பணிபுரிந்து 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் இருப்போர்க்கும், நிரந்தரமாக முற்றும் இயலாத பிள்ளைக்கு வயது வரம்பின்றி ஓய்வூதியம் உண்டு.

வள்ளுவர் காலமறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இங்குக் காலம் என்பது மாற்றம் நேர்ந்த நாளன்று. அதற்கு முந்திய நாள். சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், ஓய்வூதிய ஆணை ஆகிய யாவற்றையும் ஓர் உறையில் இடுக. பிள்ளை உண்பது, அஞ்சுவது, விரும்புவது யாவும் ஒரு தாளில் எழுதி அதனுடன் வைக்க. அவ்வுறை இருக்குமிடம் வீட்டில் மற்றும் ஒருவருக்கேனும் தெரிதல் வேண்டும்.

படிவம் எழுத ஒரு துணையும், அலுவலகம் வரை உடன் நடக்க ஓர் ஆளும் இத்தகைய குடும்பங்களுக்கு வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு இச்சங்க அறையில் அப்பணிக்கென அமர யான் இசைகின்றேன். இளைஞர் சிலர் துணைவரின் மகிழ்வேன்.