புதிய டாக்டரைத் தேடித் தனியே போகாதீர்கள்!

(திருப்பூரில் பனியன், பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டம் என்றால் கூலி, போனஸ், பஞ்சப்படி என்றுதான் பேசுவோம். இன்று வலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். “சங்கக்காரர் எப்போது வைத்தியரானார்?” என்று பின்வரிசையில் ஒரு தோழர் சிரிக்கிறார். சிரியுங்கள் தோழரே! ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஓவர்லாக் மெஷினில் ஒன்றரை ஷிப்டு, அதாவது பன்னிரண்டு மணி நேரம், கழுத்தைக் குனிந்தபடி தைக்கிறவர் இங்கே இருக்கிறார். செக்கிங் டேபிளில் பொழுதெல்லாம் நிற்கிறவர் இருக்கிறார். பஞ்சாலையில் சைடு பார்க்கிற பெண் ஒரு ஷிப்டில் நடக்கிற நடையைக் கூட்டினால் அவிநாசிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். தாராபுரம் பக்கத்தில் நாற்று நடுகிற அம்மாவுக்கு முதுகு நிமிருவது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். இந்த உடம்புகளுக்கு வலி வராமல் வேறு யாருக்கு வரும்?

வலி வந்த கதை உங்களுக்கே தெரியும். வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் இல்லாமல் போன பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சகோதரி. ஓவர்லாக் ஓட்டுகிறவர். பெயர் வேண்டாம். கழுத்தில் தொடங்கி வலது கை விரல் வரை இழுக்கிற வலி, ஆறு வருஷமாக. வலியோடு படபடப்பும் சேர்ந்துகொண்டது. பஸ்ஸில் நிற்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், இதோ செத்துப்போகிறோம் என்று தோன்றும். வீட்டுக்குப் பக்கத்திலே ஒரு வயதான டாக்டர் நான்கு வருஷமாகப் பார்த்து வந்தார். வலிக்கு ஒன்று, தூக்கத்துக்கும் படபடப்புக்கும் ஒன்று என்று மாத்திரை கொடுத்தார். முழுக் குணமில்லை, ஆனால் வேலைக்குப் போகிற அளவுக்கு வண்டி ஓடியது. ஒரு நாள் அந்த டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகன் ஊருக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு மூன்று டாக்டர்கள். முதலாமவர் முகத்தைப் பார்க்காமலேயே ஸ்கேனுக்கு எழுதினார். இரண்டாமவர் படத்தைப் பார்த்துவிட்டு, “படத்திலே ஒண்ணுமில்லை, எல்லாம் மனசுதான்” என்று அனுப்பிவிட்டார். மூன்றாமவர் ஊசி போட்டார். இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் பழைய கதை. பழைய டாக்டரின் சீட்டு தொலைந்துவிட்டதால் படபடப்பு மாத்திரையும் ஒரே நாளில் நின்றுபோனது. அந்த வாரம் முழுவதும் தூக்கமில்லை, கை நடுங்கியது.

அந்த நிலையில் ஒரு ராத்திரி சங்க ஆபீசுக்கு வந்தார். டாக்டரைப் பற்றிக் கேட்க வரவில்லை. “தோழர், பி.எப். பணத்தை எடுத்துட்டு வேலைய விட்டுடலாமுங்களா?” என்று கேட்கத்தான் வந்தார்.

அதற்கு நாங்கள் சொன்ன பதில் என்ன? “பயப்படாதே அம்மணி, தைரியமா இரு” என்றோம். இதைச் சுயவிமர்சனமாகச் சொல்கிறோம். கூலி குறைந்து வந்த தொழிலாளியிடம் “தைரியமாக இரு” என்று சொல்லி அனுப்புவோமா? கணக்குச் சீட்டைக் கொண்டு வா என்போம், கூடவே கிளம்புவோம். உடம்பு விஷயத்தில் மட்டும் நாமும் அந்த இரண்டாவது டாக்டரைப் போலத்தான் நடந்துகொண்டோம்.

“படத்தில் ஒன்றுமில்லை” என்ற வார்த்தையைச் சற்று ஆராய்வோம். படம் காட்டுவது எலும்பையும் தட்டையும். வலியைக் காட்டுகிற படம் எதுவும் கிடையாது. வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020இல் தன் இலக்கணத்தைத் திருத்தி எழுதியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றே எழுதியது. உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டு வந்த நோய்ப் பட்டியலில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலிக்குத் தனி இடமே இருக்கிறது. காயம் ஆறிய பிறகும் நரம்பும் மூளையும் அபாயச் சங்கை ஊதிக்கொண்டே இருக்கலாம். மில் சங்கு கெட்டுப்போய் நிற்காமல் ஊதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; சத்தம் பொய்யா? தூக்கமில்லாவிட்டால் அந்தச் சத்தம் கூடுகிறது. பயம் வந்தால் இன்னும் கூடுகிறது. வலி பயத்தை வளர்க்கிறது, பயம் வலியை வளர்க்கிறது. ஆகவே “மனசுதான்” என்பது பாதி உண்மை. பாதி உண்மையைச் சொல்லி நோயாளியை வெளியே அனுப்புவதுதான் தவறு.

டாக்டர்கள் எல்லோரும் நம் எதிரிகள் என்று சொல்ல வரவில்லை. வாசல் வரை வரிசை நிற்கும்போது நல்ல டாக்டருக்கும் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிஷம்தான் கிடைக்கிறது. அந்த இரண்டு நிமிஷத்துக்கு நாம் எப்படித் தயாராகிறோம் என்பதுதான் கேள்வி.

அந்தச் சகோதரிக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தோம். ஒரு பக்கத்தில் வலி எப்போது தொடங்கியது, எந்த வேலையில், எந்த நேரத்தில் கூடுகிறது, எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று எழுதினோம். மறு பக்கத்தில் இதுவரை சாப்பிட்ட மாத்திரைகள், எது கேட்டது, எது கேட்கவில்லை, எது வயிற்றை எரித்தது என்று எழுதினோம். சீட்டு இல்லை, ஆனால் தலையணைக்கடியில் காலி அட்டைகள் இருந்தன. அட்டையில் மருந்தின் பெயர் இருக்கிறதே! அவற்றை நோட்டிலே ஒட்டினோம். உள்ளே போனதும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தையையும் பேசிவைத்தோம்: “டாக்டர், எனக்கு ஆறு வருஷமா கழுத்து வலிங்க. அதோட படபடப்பும் இருக்குது. ரெண்டையும் சேர்த்துப் பாக்கணுமுங்க.” பலர் வலியை மட்டும் சொல்லிவிட்டுப் படபடப்பை மறைக்கிறார்கள், பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தால். மறைத்தால் பாதி வைத்தியம்தான் கிடைக்கும். மனநலச் சிகிச்சைக்கு 2017இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது; நம் நோய் விவரத்தை இரகசியமாகக் காக்க வேண்டும் என்பது அதில் நமக்குள்ள உரிமை. கம்பெனிக்காரருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

பழைய டாக்டரோ ஆஸ்பத்திரியோ இருக்குமானால் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ கவுன்சில் 2002இல் போட்ட விதி. சும்மா கொடுக்கிற சலுகையல்ல அது.

மாத்திரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இதைக் கவனமாகக் கேளுங்கள். படபடப்புக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம், டயாசிபம் போன்றவற்றை நாள்பட்டுச் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். புதிய டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சீட்டில்லாமல் கடையில் வாங்கித் தொடர்வதும் ஆபத்து. வலி மாத்திரையை மாதக் கணக்கில் மிட்டாய் போல் தின்றால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குக் கேடு. நம் தமிழ்நாட்டுத் தையல் ஆலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியதை, சுமார் நூறு பெண்களிடம் பேசி, 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் உலகத்துக்குச் சொன்னார்கள். பெயர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சூப்பர்வைசர் டாக்டரல்ல.

இன்னொன்று: காலில் மரப்பு ஏறி மூத்திரம் கட்டுப்படாமல் போனாலோ, நெஞ்சுவலி தோளுக்கும் தாடைக்கும் பரவினாலோ, “வழக்கமான படபடப்புத்தான்” என்று படுத்துவிடாதீர்கள். அந்த நிமிஷமே 108ஐக் கூப்பிடுங்கள்.

எங்கே போவது? இ.எஸ்.ஐ. சட்டம் 1948இல் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் வந்தது நம் பக்கத்துக் கோவைக்குத்தான், 1955 ஜனவரியில். இன்று மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உண்டு. 12,000 ரூபாய் வாங்குகிறவரிடம் 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி 3.25 சதவீதம், 390 ரூபாய் கட்ட வேண்டும். உங்கள் முதலாளி கட்டுகிறாரா? பவர்டேபிளிலும் காண்ட்ராக்டிலும் வேலை செய்கிற எத்தனை பேருக்கு அட்டை இருக்கிறது? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா! ஏற்றுமதியில் பேர் வாங்கிய ஊரில் இவ்வளவு கைதான் எழுகிறது.

ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், அதற்குரிய பலன் காலத்தில் நோய்க்காக லீவு போடும் நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கு டாக்டரின் சர்டிபிகேட் வேண்டும். “ஒன்றுமில்லை” என்கிற டாக்டர் சர்டிபிகேட் கொடுப்பாரா? ஆகவே நம் பேச்சைக் கேட்கிற டாக்டர் கிடைப்பது அரிசிப் பிரச்னையும்கூட. உங்களுக்கு ஒதுக்கிய டிஸ்பென்சரி ஒத்துவராவிட்டால் மாற்றக் கேட்கலாம். கிளை அலுவலகத்துக்கு மனு எழுத நாங்கள் உதவுகிறோம். திருப்பூரில் நூறு படுக்கை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரியில். அதற்குமுன் எத்தனை வருஷம் மனுக் கொடுத்தோம், பிறகு கட்டி முடிக்க எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்பது இங்குள்ள மூத்த தோழர்களுக்குத் தெரியும். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊருக்கு, காத்திருப்பது ஒன்றும் புதிதல்ல.

விவசாயத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ.யே இல்லை. அவருக்கு ஆரம்ப சுகாதார நிலையமும் சர்க்கார் ஆஸ்பத்திரியும்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சிச் சிகிச்சை சொல்லிக்கொடுக்க ஏற்பாடு உண்டு. கிராமச் செவிலியரைப் பிடித்துக் கேளுங்கள், கேட்காமல் வராது. திருப்பூர் சர்க்கார் ஆஸ்பத்திரி 2022 ஜனவரி முதல் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. எலும்பு டாக்டரிடமும் மனநல டாக்டரிடமும் ஒரே வளாகத்தில் காட்ட முயலலாம். ராத்திரியில் பயம் கழுத்தை நெரித்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் சர்க்கார் தொடங்கிய மனநல உதவி எண் அது. காசில்லை, தமிழில் பேசலாம்.

டாக்டரைத் தேடுவது தனி ஆள் காரியம் என்று யார் சொன்னது? மத்திய இந்தியாவில் தல்லி ராஜ்ஹராவில் இரும்புச் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1977இல் துப்பாக்கிச் சூட்டில் பதினொரு பேரைப் பறிகொடுத்தவர்கள். பிரசவத்தில் தக்க வைத்தியமின்றித் தங்கள் பெண் தலைவர் ஒருவரை இழந்ததும், இனி நம் ஆஸ்பத்திரியை நாமே கட்டுவோம் என்றார்கள். சங்கர் குஹா நியோகியின் தலைமையில் இயங்கிய அந்தச் சங்கம் நம் சங்கமல்ல. அவர்களோடு நமக்குக் கருத்து வேற்றுமைகளும் உண்டு. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். தங்கள் காசிலும் உழைப்பிலும் கட்டி, 1983 ஜூன் 3இல் ஷஹீத் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். டாக்டர்கள் தொழிலாளர்களைத் தேடி வந்தார்கள். நம்மால் நாளையே ஆஸ்பத்திரி கட்ட முடியாது. கூடப் போக முடியுமா, முடியாதா?

அந்தச் சகோதரிக்கு நான்காவதாக ஒரு டாக்டர் கிடைத்தார். சர்க்கார் டாக்டர், சின்ன வயசு. நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதை யார் எழுதினது?” என்று கேட்டார். சங்கத் தோழர் ஒருவர் பக்கத்தில் நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. வலி போய்விட்டதா? போகவில்லை. மாத்திரையை மாற்றி, மெதுவாகக் குறைத்து, கழுத்துக்குப் பயிற்சி சொல்லி, மனநல டாக்டரிடமும் அனுப்பினார். இப்போது ஒன்றரை ஷிப்டு வேண்டாம், ஒரு ஷிப்டுதான் என்று சொல்லிப் போராடிக்கொண்டிருக்கிறார். கூலி குறைகிறது, அந்தச் சண்டையும் நம்முடையதுதான். பி.எப். பணத்தைத் தொடவில்லை.

புதிய டாக்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடிவிடாதீர்கள். மூன்று தடவையாவது பாருங்கள். அவமதித்துப் பேசினால் மட்டும் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க ஆபீசில் நோட்டு எழுத உட்காருகிறோம். பழைய சீட்டு, காலி மாத்திரை அட்டை, ஸ்கேன் கவர், இ.எஸ்.ஐ. அட்டை, எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு வாலிபர் சங்கத் தோழர்கள் எழுதித் தருவார்கள். பின்வரிசையில் சிரித்த தோழரே, உங்களையும் எதிர்பார்க்கிறோம்.